தசைக்கு வாரங்கள் போதும், தசைநாணுக்கு மாதங்கள் வேண்டும்

பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு மீண்டும் பூப்பந்து மட்டையைக் கையில் எடுப்பவர்களுக்குச் சில வாரங்களிலேயே கால்களில் தெம்பு கூடுவது தெரியும். அந்த உற்சாகத்தில் ஆட்ட நேரத்தை இரட்டிப்பாக்குவோர் பலர். குதிகாலுக்கு மேலோ முழங்கால் சில்லுக்குக் கீழோ வலி தலைகாட்டுவது பெரும்பாலும் அப்போதுதான். தசை வலுப்பெற்ற வேகத்தில் தசைநாண் வலுப்பெறாதது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

தசைநாண் என்றால் என்ன?

தசையை எலும்புடன் இணைக்கும் உறுதியான நார்க்கட்டுதான் தசைநாண். பேச்சுவழக்கில் இதையும் ‘நரம்பு’ என்பார்கள். ஆனால், இது நரம்பு அன்று. கொலாஜன் எனும் புரத இழைகள் கயிற்றின் புரிகளைப்போல் நெருக்கமாக அமைந்து இதை உருவாக்குகின்றன. கெண்டைக்கால் தசையைக் குதிகாலுடன் இணைக்கும் அக்கிலிஸ் தசைநாண்தான் உடலிலேயே மிகத் தடித்தது. ஓடும்போது அது உடல் எடையைப்போல் 6 முதல் 8 மடங்கு விசையைத் தாங்குவதாகக் கணக்கிடப்பட்டுள்ளது.

மாற்றம் ஏன் மெதுவாக நிகழ்கிறது?

தசையுடன் ஒப்பிட்டால் தசைநாணில் இரத்த ஓட்டம் குறைவு. அதன் திசுக்கள் புதுப்பிக்கப்படுவதும் அரிது. அக்கிலிஸ் தசைநாணின் மையப்பகுதி ஏறத்தாழ 17 வயதுக்குள் உருவாகிவிடுகிறது என்றும் அதன்பின் அது பெரிதாகப் புதுப்பிக்கப்படுவதில்லை என்றும் டென்மார்க்கில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு காட்டியது.

இருப்பினும், பயிற்சிக்கு ஏற்பத் தசைநாண் மாறவே செய்கிறது. சுமை ஏறும்போது அதிலுள்ள செல்கள் இழுவிசையை உணர்ந்து கொலாஜன் உற்பத்தியைக் கூட்டுகின்றன. ஆனால், கடுமையான பயிற்சிக்குப் பின் முதல் 24 முதல் 36 மணி நேரத்தில் கொலாஜன் சிதைவே மிகுந்திருக்கும். உற்பத்தி அதை முந்துவது அதற்குப் பிறகுதான். இடைவெளியின்றித் தொடர்ந்து கடுமையாக ஆடினால், சிதைந்தது சீராவதற்குள் அடுத்த சுமை வந்துவிடுகிறது.

மாதக்கணக்கில் முறையாகப் பயிற்சி செய்தால் தசைநாணின் விறைப்புத்தன்மை கூடும். தசையின் விசை எலும்புக்கு விரைவாகச் சென்றுசேர இது உதவும். தடிமன் கூடுவதற்கு ஆண்டுக்கணக்கான பயிற்சி தேவைப்படலாம். 2008இல் வெளியான ஓர் ஆய்வில் உயர்நிலைப் பூப்பந்து, வாள்வீச்சு வீரர்களின் இரு கால்களும் ஒப்பிடப்பட்டன. பாய்ந்து முன்வைக்கும் காலின் முழங்கால் தசைநாண், மற்றக் காலைவிடத் தடித்தும் விறைத்தும் இருந்தது. ஒரே உடல், ஒரே உணவு. கால்கள் சுமந்த பளு மட்டுமே வேறு.

எத்தகைய பயிற்சி பலன் தரும்?

அதிகச் சுமையை மெதுவாகத் தூக்கி இறக்கும் பயிற்சியை 12 வாரங்களோ அதற்கு மேலோ தொடர்வது நல்ல பலன் தருவதாக ஆய்வுகள் கூறுகின்றன. இலேசான சுமையைப் பலமுறை தூக்குவதால் தசைநாணில் அந்த அளவு மாற்றம் ஏற்படுவதில்லை.

வலி வந்தவர்களுக்கும் முழு ஓய்வு மட்டுமே தீர்வன்று. சுவீடனில் 1998இல் வெளியான ஆய்வொன்றில், நீண்டகால அக்கிலிஸ் வலியுடன் இருந்த 15 ஓட்டக்காரர்கள், படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழிறக்கும் பயிற்சியை 12 வாரங்கள் செய்தனர். 15 பேரும் மீண்டும் ஓடத் தொடங்கினர். எனினும், சுமையின் அளவை இயன்முறை மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்வதே நல்லது.

எச்சரிக்கை அறிகுறிகள்

காலையில் எழுந்து முதல் சில அடிகள் வைக்கும்போது குதிகாலுக்கு மேலே இறுக்கம் தோன்றினால், ஆட்ட நேரத்தைக் குறைக்க வேண்டும். ஆடும்போது பின்னாலிருந்து யாரோ காலில் உதைத்ததுபோல் திடீரெனத் தோன்றி, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லையென்றால், அது தசைநாண் அறுந்ததன் அறிகுறியாக இருக்கலாம். 30 முதல் 50 வயதுவரையிலான, வாரயிறுதியில் மட்டும் விளையாடும் ஆண்களிடம் இக்காயம் அதிகம் காணப்படுகிறது. வலி குறைந்தாலும் காத்திராமல் உடனே மருத்துவரை நாட வேண்டும்.