பழைய இசைத்தட்டுச் சுழலிகளில் தொலைக்கட்டுப்பாட்டு இணைப்பு

பழைய இசைத்தட்டுச் சுழலிகளில் தொலைக்கட்டுப்பாட்டு இணைப்பு என்பது, பொத்தானைக் கையால் அழுத்தி இயக்கவே வடிவமைக்கப்பட்ட சுழலிகளை, பின்னாளில் வந்த ஒலிபெருக்கியின் ரிமோட் வழியாக இயக்குமாறு மாற்றியமைக்கும் முறையாகும். டென்மார்க்கின் பேங் அண்ட் ஒலுஃப்சென் நிறுவனம் தயாரித்த பியோகிராம் வரிசை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

பின்னணி

பீட்டர் பேங், ஸ்வென் ஒலுஃப்சென் என்னும் இரு பொறியாளர்கள் 1925-இல் ஸ்ட்ரூவர் நகரில் இந்நிறுவனத்தைத் தொடங்கினர். 1972-இல் இது பியோகிராம் 4000 என்னும் சுழலியை வெளியிட்டது. இதனை வடிவமைத்தவர் யாக்கப் யென்சன் (1926–2015). 1978-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவர் இந்நிறுவனத்திற்காக வடிவமைத்த கருவிகளைக் காட்சிக்கு வைத்தது.

மூல இசைத்தட்டில் பள்ளம் வெட்டும் கருவி, விளிம்பிலிருந்து மையம் நோக்கி நேர்கோட்டில் நகரும். சாதாரணச் சுழலியின் கையோ ஒரு முனையில் பொருத்தப்பட்டு வளைவாக நகர்வதால், பெரும்பாலான இடங்களில் ஊசி சிறிது கோணம் தவறி நிற்கும். பியோகிராம் 4000-இன் கை வெட்டும் கருவியைப் போலவே நேர்கோட்டில் நகர்ந்தது. கை கோணம் தவறுவதை ஒளியுணரி கண்டறிய, சிறு மோட்டார் அதன் அடிப்பகுதியை நகர்த்திச் சரிசெய்தது. அருகிலிருந்த இரண்டாவது கையில் ஒரு விளக்கும் ஒளியுணரியும் இருந்தன. சுழல்மேடையிலுள்ள கறுப்புக் கோடுகளால் ஒளி விட்டுவிட்டுத் திரும்பினால் தட்டு இல்லை என்று சுற்று முடிவு செய்து, ஊசியை இறக்காது.

கட்டளை கம்பி வழியே வந்த கதை

தொலைக்கட்டுப்பாட்டுக்கு வழி திறந்தது இந்த அமைப்பே. ஊசியைக் கையால் தூக்கி வைக்கும் சுழலிக்கு ரிமோட்டால் பயனில்லை. கையை மோட்டாரும் மின்காந்தமும் இயக்கும்போது, பொத்தானை அழுத்துவது ஒரு மின்சைகை மட்டுமே. அந்தச் சைகை விரலிலிருந்து வந்தாலும் கம்பியிலிருந்து வந்தாலும் சுற்றுக்கு ஒன்றுதான்.

1970-களின் பிற்பகுதியில் வந்த பியோகிராம் 4004 இவ்வசதியைப் பெற்றது. 1980-இல் பியோமாஸ்டர் 8000 ஒலிபெருக்கியும் நுண்செயலி கொண்ட பியோகிராம் 8000 சுழலியும் வெளிவந்தன. ரிமோட்டின் அகச்சிவப்புக் கதிரை ஒலிபெருக்கி பெற்று, துடிப்புகளாக மாற்றி, டேட்டாலிங்க் என்னும் இணைப்பின் வழியே சுழலிக்கு அனுப்பியது. ஒலியும் கட்டளையும் ஏழு முள் கொண்ட ஒரே செருகியில் சென்றன.

மாற்றியமைக்கும் முறை

டேட்டாலிங்க் வருமுன் தயாரான 4000, 4002 போன்ற சுழலிகள் இவ்வரிசைக்கு வெளியே நின்றன. அவற்றுக்குள் இன்று நுண்கட்டுப்படுத்தி கொண்ட சிறு பலகையைப் பொருத்தலாம். அது கம்பியில் வரும் குறியீட்டைப் படித்து, தொடக்கம், நிறுத்தம், நகர்வு ஆகிய பொத்தான்களுக்கு இணையாக வைக்கப்பட்ட மின்னணு நிலைமாற்றியைச் சற்று நேரம் மூடும். பழைய சுற்று தன் வேலையை வழக்கம்போலவே செய்யும்.

இதில் கவனம் தேவை. ஊசியிலிருந்து வரும் ஒலிச்சைகை சில மில்லிவோல்ட் அளவே என்பதால், கட்டளைத் துடிப்பும் தரையிணைப்புப் பிழையும் இரைச்சலாகக் கேட்கக்கூடும். மேலும், ரிமோட்டை அழுத்துபவர் சுழலியின் அருகில் இருப்பதில்லை. தட்டு இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு முழுவதும் ஒளியுணரியின் மீது விழுகிறது. பழைய விளக்கு மங்கியிருந்தால் அதன் கணிப்பை நம்ப முடியாது; ஊசி வெறும் மேடையில் இறங்கினால் சேதமடையும். எனவே உணரியைச் செப்பனிட்ட பிறகே இணைப்பைச் சேர்ப்பது முறை.

மூலமும் பயன்பாடும்

பழம்பொருளின் மூலநிலையை மாற்றலாமா என்னும் கேள்வி இங்கு எழுகிறது. தடத்தை வெட்டாமல், துளையிடாமல், கழற்றக்கூடியவாறு பலகையைச் சேர்த்தால், மூலநிலைக்குத் திரும்பும் வழி அடைபடாது. செருகியை மாற்ற நேர்ந்தால் பழையதைப் பாதுகாத்து வைக்க வேண்டும்.

நிறுவனமும் பின்னாளில் இதையொத்த வழியில் சென்றது. தனது 95-ஆம் ஆண்டு நிறைவான 2020-இல், 1970-களின் பியோகிராம் 4000 வரிசைச் சுழலிகள் 95-ஐப் புதுப்பித்து வெளியிட்டது. இன்றைய ஒலிபெருக்கிகளோடு நேரடியாக இணையும்படி அவற்றுள் முன்பெருக்கி ஒன்றையும் சேர்த்தது.