446 பைட்டுக்குள்ள குடித்தனம்

காலேஜ்ல, சீனியர் விட்டுட்டுப் போன பழைய மெஷின்ல விண்டோஸும் ஸ்லாக்வேர் லினக்ஸும் சேர்ந்து இருந்துச்சு. கெர்னலை மாத்தினேன், லைலோவை மறுபடி ஓட்ட மறந்துட்டேன். மறுநாள் ப்ராஜெக்ட் டெமோ. லினக்ஸ் எழும்பவே இல்லீங்க!

தப்பு என்னோடதுதான். ஆனா வேர் 1983-ல இருக்கு. டாஸ் 2.0 வந்தப்போ ஹார்ட் டிஸ்க்கோட முதல் 512 பைட்டில் பூட் நிரலுக்குக் கிடைச்சது வெறும் 446. கோப்பு முறைமையைப் படிக்கிற புத்தியை அதுக்குள்ள எங்க அடைக்கறது? 1992-ல வெர்னர் அல்மெஸ்பெர்கர் எழுத ஆரம்பிச்ச லைலோ, கெர்னல் டிஸ்க்குல இருக்கிற இடங்களோட விலாசத்தை மட்டும் குறிச்சு வச்சுக்கும். வீடு மாறினா நாமதான் சொல்லணும்.

1995-ல எரிக் போலின், ஹர்டை எழுப்பறதுக்காக க்ரப் எழுதினார். முதல் செக்டார்ல ஒரு துண்டு, மீதி வேற இடத்துல. அதனால கோப்பு முறைமையையே படிச்சு, பேரைச் சொன்னா கெர்னலைத் தேடிப் பிடிச்சுடும். (ஹர்ட் கரையேறல, க்ரப் லினக்ஸோட ஒட்டிக்கிச்சு!) லைலோ வளர்ச்சி 2015 டிசம்பரோட நின்னுபோச்சு.

டெமோவா? லைவ் சிடி போட்டு, ராத்திரி ரெண்டு மணிக்கு லைலோவை ஓட்டினேன்.