விதியா, உப்பா?

ஆல்ப்சு மலைச்சாரலிலே, பனி மூடிய சிகரங்களின் அடிவாரத்திலே, நூற்றாண்டுக் கணக்கில் ஒரு கொடுமை குடியிருந்தது. பெரியோர் கழுத்திலே கழலை. பிறந்த குழந்தைகளிலே பலருக்குப் பேச்சில்லை, கேள்வியில்லை, அறிவு வளர்ச்சியுமில்லை. அத்தகைய குழந்தையை, இறைவன் அருள்பெற்ற அப்பாவி என்றனர் சிலர். ஆறுதல் கிடைத்தது தாய்க்கு. பேச்சு கிடைத்ததா சேய்க்கு?

1811-ஆம் ஆண்டு. நெப்போலியனின் போர்களுக்கு வெடிமருந்து தேவை. அதற்கு வேண்டிய வெடியுப்புக்காகக் கடற்பாசிச் சாம்பலோடு உழன்றுகொண்டிருந்தார், பிரெஞ்சு நாட்டு பெர்னார் கூர்த்துவா. கந்தக அமிலம் சற்று மிகுந்தது. ஊதா நிற ஆவி எழுந்தது. குளிர்ந்து கரும் படிகமாயிற்று. ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதற்குப் பெயராயிற்று: அயோடின்! கொல்லும் தொழிலுக்கிடையே பிறந்தது, காக்கும் பொருள்.

கழலைக்குக் கடற்பஞ்சைச் சுட்டுக் கொடுப்பது பழைய மருத்துவம். ஏன் குணமாகிறது என்று கேட்டார் ஜெனீவா மருத்துவர் குவாந்தே. பாசியும் கடலில், பஞ்சும் கடலில். இரண்டிலும் இருப்பது அயோடினே என்று எண்ணினார். 1820-இல் அதனையே மருந்தாக்கினார், கழலை சுருங்கிற்று. அளவறியாது உண்டோர் அல்லலுற்றதும் உண்டு. 1833-இலேயே, உப்பில் சிறிதளவு கலந்தால் போதும் என்று கூறினார் பூசங்கோ. கேட்டாரில்லை!

மாயம் எங்கேயிருந்தது? மண்ணிலே! பனியாறும் மழையும் மலைமண்ணின் அயோடினை அரித்துச் சென்றன. மண்ணில் இல்லாதது பயிரில் இல்லை. பயிரில் இல்லாதது உடலுக்கு ஏது? 1896-இல், தைராய்டு சுரப்பியிலேயே அயோடின் இருப்பதைக் காட்டினார் பாமன். கருவுற்ற தாய்க்கு அது குறைந்தால், சேயின் மூளை குன்றும். முன்வினையுமல்ல, முற்பிறப்புமல்ல!

1918-இல் சுவிசு நாட்டுக் கிரேக்கன் சிற்றூரில், அயோடின் கலந்த உப்பைச் சில குடும்பங்களுக்குத் தந்து பார்த்தார் மருத்துவர் பயார்டு. பயன் தெரிந்தது. அடுத்து எழுந்தார் மருத்துவர் எக்கன்பெர்கர். மன்னர்களிடம் மன்றாடவில்லை; மக்களிடம் சென்றார், விளக்கினார், கையெழுத்துத் திரட்டினார். 1922-இல் அவருடைய மாநிலத்தில் அந்த உப்பு விற்பனைக்கு வந்தது.

இமயச் சாரலின் கதையும் இதுவே. 1956-இல் காங்க்ரா பள்ளத்தாக்கில் இராமலிங்கசாமியும் தோழர்களும், ஒரு பகுதிக்கு வெறும் உப்பும், மற்றப் பகுதிகளுக்கு அயோடின் உப்பும் வழங்கி ஒப்புநோக்கினர். அயோடின் உண்ட பகுதிகளில் கழலை பெரிதும் குறைந்தது. வழிபாடு மாறவில்லை, உப்பு மாறிற்று, அவ்வளவே! 1962-இல் கழலைத் தடுப்புத் திட்டம் நாடளவில் தொடங்கிற்று.

ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை 150 மைக்ரோகிராம். எழுபது ஆண்டு வாழ்வுக்கும் சேர்த்து நான்கு கிராம் கூட இல்லை. அந்தத் துளிக்காக எத்தனை தலைமுறை தலையெழுத்தை நொந்தது!

1820-இல் கண்ட உண்மை ஏழையின் உலைக்கு வர நூறாண்டு ஆயிற்று என்பதையும் நாம் மறத்தலாகாது. அறிவு ஏட்டிலே இருந்தால் போதாது. அதை எடுத்துச் செல்ல ஆள் வேண்டும். அந்த ஆள் நாமாக இருப்போம்!