தண்ணீர் சுமந்து போன சூடு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

போன வாரம் எங்கள் பழைய மாணவர் ஒருவர், தானே கட்டிய கணினியொன்றைப் பாடசாலைக்குக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குக் காட்டினார். கண்ணாடிப் பெட்டி. உள்ளே வளைந்து போகும் குழாய்கள், கை அகலத்தில் ஒரு தொட்டி, சின்ன பம்ப், ஒரு றேடியேட்டர். கணக்குப் போடும் சில்லின் தலையில் ஒரு செப்புப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் தண்ணீர் ஓடிச் சூட்டை எடுத்துக்கொண்டு றேடியேட்டருக்குப் போகிறது, அங்கே ஆறித் திரும்பி வருகிறது. பிள்ளைகள் இடைவேளை மணி அடித்தும் நகரவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் பள்ளிவாசல் வாசலில் இதே பேச்சு. "நாங்களே குளிர்ல நடுங்குறோம், இவங்க கம்பியூட்டருக்குத் தண்ணி காட்டுறாங்களாம்" என்று ஒருவர் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். ஒரு ஹாஜியார் மட்டும் சிரிக்கவில்லை. "சேர், இது இஸ்ராஃப் இல்லையா?" என்று நேராகக் கேட்டார். நின்ற நிலையில் சொல்லக்கூடிய பதில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் ஒன்று. தண்ணீரால் இயந்திரத்தைக் குளிர்விப்பது நம் மலைக்குப் புதிதல்ல. கோப்பிக் காலத்திலேயே இங்கே தண்ணீர்ச் சக்கரங்கள் சுற்றின. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அதன்பின் தோட்டத்துக்குத் தோட்டம் ஸ்டோர் எழும்பியபோது, ரோலரைச் சுற்றவைத்தது முதலில் ஆற்றுத் தண்ணீர். பிறகு குழாய்வழி இறங்கும் தண்ணீரில் ஓடும் டர்பைன். அதற்கும் பிறகு எண்ணெய் எஞ்சின்கள் வந்தன. எஞ்சின் அறைக்குப் பக்கத்தில் ஓர் இரும்புத் தொட்டி நிற்கும். சூடேறிய தண்ணீர் பாரம் குறைந்து தானாக மேலே ஏறித் தொட்டியின் தலைக்குப் போகும், ஆறிய தண்ணீர் அடியிலிருந்து எஞ்சினுக்கு இறங்கும். பம்ப் கிடையாது. அந்தத் தொட்டியைப் பராமரித்த பிட்டருக்கு இன்றைய கணினிப் பெட்டியைத் திறந்து காட்டினால், "இது நம்ம எஞ்சின் ரூம்தானே" என்றிருப்பார்.

லொறிகளைச் சொல்லவே வேண்டாம். நம் வாப்பாமாரில் பலர் லொறியால் பிழைத்தவர்கள். கினிகத்தேனை ஏற்றத்தில் றேடியேட்டர் கொதித்து, பீலி கண்ட இடத்தில் நிறுத்தி, துணியைச் சுற்றி மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றிய கதை இல்லாத வீடு நம்மில் குறைவு. இதில் ஒரு பாடமும் இருக்கிறது. கொழும்பில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். உயரம் போகப்போகக் காற்றின் அழுத்தம் குறைவதுதான் காரணம். றேடியேட்டர் மூடி இறுக்கமாக இருப்பது உள்ளே அழுத்தத்தைக் கூட்டி அந்தக் கொதிநிலையை மேலே தள்ளத்தான்.

இப்போது சிரித்தவருக்குப் பதில். நம் ஊர்க் காற்று குளிர்ந்த காற்று, உண்மை. ஆனால் மெல்லிய காற்று. 1,850 மீற்றருக்கு மேலே இருக்கும் நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவு. அதே விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் தள்ளும் காற்றின் நிறை குறைவு. குளிர் பெரும்பாலும் அதை ஈடுகட்டிவிடுகிறது. ஆகவே இங்கே தண்ணீர் இல்லாமல் கணினி ஓடாது என்று சொல்ல வரவில்லை. தாராளமாக ஓடும். சிக்கல் ஊரில் இல்லை, சில்லில் இருக்கிறது. இன்றைய பெரிய சில்லொன்று பெருவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய இடத்திலிருந்து 200 வாட் சூட்டைத் தள்ளுகிறது. பழைய 100 வாட் பல்புகள் இரண்டின் சூட்டை ஒரு முத்திரையளவு இடத்தில் குவித்தது போல. அந்தச் சூட்டை அங்கிருந்து தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டும். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு பாகை சூடேறும்போது சுமக்கும் வெப்பம், ஒரு லீற்றர் காற்று சுமப்பதைப்போல் ஏறத்தாழ 3,500 மடங்கு. கூடைக்கும் லொறிக்கும் உள்ள வித்தியாசம் என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம்.

கணினிக்காரர்கள் இதை ஆரம்பத்திலேயே உணர்ந்திருந்தார்கள். 1946இல் அமெரிக்காவில் காட்டப்பட்ட எனியாக் கிட்டத்தட்ட 18,000 வால்வுகளைக் கொண்டது, 150 கிலோவாட் மின்சாரம் குடித்தது. ஓர் அறை நிறைய அடுப்பு. பெரிய விசிறிகளை வைத்துத்தான் சமாளித்தார்கள். 1960களில் ஐபிஎம் நிறுவனம் தன் சிஸ்டம் 360 வரிசையின் 91ஆம் மாதிரிக்குத் தண்ணீர்க் குழாய் இழுத்தது. 1980இல் அறிவித்த 3081 கணினியில் ஒவ்வொரு சில்லையும் ஒரு சின்ன உலோகத் தண்டு தொட்டுக்கொண்டு நிற்கும், இடைவெளியில் ஹீலியம் வாயு, மேலே குளிர்நீர் ஓடும் தகடு. 1985இல் வந்த கிரே 2 இன்னும் ஒரு படி போனது. முழுச் சுற்றுப் பலகைகளையும் மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்தில் அமிழ்த்திவிட்டார்கள். அந்தத் திரவம் கண்ணாடித் தொட்டிக்குள் அருவி மாதிரி விழுவதை வெளியில் நின்று பார்க்கலாம். அருவி பார்த்தே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அந்தப் படத்தைக் காட்டியபோது, "சேர், இது சென் கிளயார்" என்றான் ஒருவன். அந்தப் பெயருக்குப் பிறகு வருகிறோம்.

1990களில் சில்லுகளின் தொழில்நுட்பம் மாறி மின்சாரச் செலவு குறைந்தது. பெரிய நிறுவனங்கள் தண்ணீரைக் கைவிட்டன. அதே காலத்தில், வேடிக்கையாக, வீட்டுப் பையன்கள் அதைக் கையில் எடுத்தார்கள். 1998இல் வந்த செலரோன் 300ஏ என்ற மலிவான சில்லை 300 மெகாஹேர்ட்சிலிருந்து 450க்கு ஓட்டலாம் என்று தெரிந்ததும் வேகப் பைத்தியம் பிடித்தது. விற்பனைக்கு ஒன்றும் இல்லை. மீன் தொட்டி பம்ப், பழைய காரின் ஹீட்டர் றேடியேட்டர், கையால் கடைந்த செப்புக்கட்டி, இவற்றை வைத்தே செய்தார்கள். கராஜ் வேலையும் கணினி வேலையும் கைகுலுக்கிய இடம் அது. பிறகு இதற்கென்றே கம்பனிகள் முளைத்தன. 2004இல் ஆப்பிள் தன் பவர் மேக் ஜி5 பெட்டியொன்றில் திரவக் குளிரூட்டலை வைத்தே விற்றது. அவற்றில் சில கசிந்ததும் வரலாறுதான்.

நம் மாணவரும் முதல் தடவை தோற்றவர். மலிவாகக் கிடைத்தது என்று அலுமினிய றேடியேட்டரை வாங்கிச் செப்புக் கட்டியோடு பூட்டினார். எட்டு மாதத்தில் குழாய் நிறையச் சேறு. செப்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் நின்றால் அது ஒரு பற்றரி. அலுமினியம் கரைந்துகொண்டே போகும். சாதாரண தரத்து விஞ்ஞானப் பாடத்தில் நாங்களே கரும்பலகையில் எழுதிய விஷயம்தான். எழுதிக் கொடுத்தோம், காசு போன பிறகுதான் அவருக்கு விளங்கியது. இரண்டாம் தடவை எல்லாமே செம்பும் பித்தளையும். காய்ச்சி வடித்த நீரில் துருவையும் பாசியையும் தடுக்கும் மருந்து சேர்த்தார். மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் 24 மணிநேரம் ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டின் கீழும் கடதாசி விரித்து ஒரு சொட்டாவது விழுகிறதா என்று பார்த்தார்.

1206இல் தியார்பகிரில் அல்ஜஸரி தன் இயந்திரங்களைப் பற்றி நூல் எழுதி முடித்தார். தண்ணீரால் மணி காட்டும் யானைக் கடிகாரம், நீர் இறைக்கும் கருவிகள் எல்லாம் அதில் உண்டு. அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்துதான் 'அல்கோரிதம்' என்ற சொல் பிறந்தது. இதை மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கி வீட்டுக்குப் போவது நம்மவர் வழக்கம். அல்ஜஸரி கையால் செய்து பார்த்தவர். நம் பிள்ளை ஒருவன் ஸ்குரூ ட்ரைவரை எடுத்தால் "கடைக்குப் போய் வியாபாரத்தைப் பார்" என்கிறோம்.

இப்போது ஹாஜியாரின் கேள்வி. ஓடும் ஆற்றங்கரையில் வுழூச் செய்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கணினியில் இருப்பது ஒரு லீற்றருக்கும் குறைவு. மூடிய சுற்று. அதே தண்ணீர் வருஷக்கணக்கில் சுற்றும், ஒரு வுழூவின் அளவு கூட வராது. காசு வீணா என்று கேட்டால் அது வேறு கணக்கு. வீடியோ வெட்டி ஒட்டும் வேலையில் மாதம் சம்பாதிக்கிற பிள்ளை அவர், தன் தொழில் கருவிக்குச் செலவழித்திருக்கிறார். எங்கள் கணக்கில் அது இஸ்ராஃப் அல்ல. குழாயில் ஓடும் வண்ண விளக்குகளைப் பற்றிக் கேட்டால் வாதாடமாட்டோம்.

ஆனால் தண்ணீரும் கணினியும் என்ற கேள்வி இந்தப் பெட்டியோடு முடியவில்லை. வெளியுலகின் பெரிய தரவு நிலையங்கள் பலவற்றில் கோபுரம் கட்டித் தண்ணீரை ஆவியாக்கித்தான் சூட்டை வெளியேற்றுகிறார்கள். போன தண்ணீர் திரும்பி வராது. 2024இல் என்விடியா அறிவித்த செயற்கை நுண்ணறிவு அலுமாரி ஒன்று மட்டும் ஏறத்தாழ 120 கிலோவாட் எடுக்கும். அதைக் காற்றால் குளிர்விக்க முடியாமல் திரவக் குழாய்களோடுதான் விற்கிறார்கள். ஒப்பிட்டுப் பாருங்கள். 1950இல் லக்ஷபான முதற் கட்டம் இயங்கத் தொடங்கியபோது அதன் மொத்தத் திறன் 25 மெகாவாட். அப்படியான அலுமாரிகள் 200 வைத்தால் அந்த முழு மின்நிலையமும் காலி.

லக்ஷபானவின் கதை நமக்கெல்லாம் தெரியும் என்று நினைக்கிறோம், பாதிதான் தெரியும். பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1912இல் நானுஓயாப் பக்கம் பிளக்பூலில் சின்ன நீர்மின் நிலையம் கட்டி நுவரெலியா நகருக்கு விளக்கு ஏற்றினார். 1918இல், இந்த மலையின் அருவிகளால் நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கலாம் என்று கட்டுரை வாசித்தார். 1924இல் வேலை தொடங்கியது, 1927இல் நிறுத்திவிட்டார்கள். 1938இல் மறுபடி எடுத்தார்கள், நடுவில் யுத்தம். 1950இல்தான் முடிந்தது. காசல்ரீ நீரில் ஓடும் 50 மெகாவாட் நிலையத்துக்கு 1965இல் அவர் பெயரை வைத்தார்கள். பார்க்க அவர் இல்லை, 1953இலேயே காலமாகிவிட்டார்.

மற்றப் பாதி இது. 1948இல் தோட்டத்து மக்களின் குடியுரிமை பறிபோனது. இரண்டு வருஷத்தில் அவர்கள் தலைக்கு மேலே லக்ஷபானக் கம்பி ஓடியது. கம்பியின் கீழே இருந்த எத்தனையோ லயங்களில் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்குத்தான். டவுனில் கடை வைத்திருந்த நமக்கு விளக்கு வந்தது. நம் கடைக் கடன் கொப்பியில் பெயர் இருந்தவர்களின் காம்பராவுக்கு வரவில்லை. அதைப் பற்றி நாமும் பெரிதாகப் பேசவில்லை.

1969இல் மவுசாக்கலை நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் கோயிலும் விகாரையும் நம் பள்ளிவாசலும் எச்சங்களாக வெளியே தெரியும். பார்க்கப் போகும் இளைஞர்கள் படம் பிடித்துப் போடுகிறார்கள். அங்கே தொழுதவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். 2012இல் மேல் கொத்மலை 150 மெகாவாட்டோடு தலவாக்கலையில் இயங்கத் தொடங்கியது. சென் கிளயார் அருவியின் நீர் குறையும் என்று எதிர்த்தவர்கள் பயந்தது போலவே அந்த அருவி மெலிந்தது. எங்கள் மாணவன் கிரே 2இன் படத்தில் கண்ட சென் கிளயார், அவனுடைய உம்மா சொல்லிக் கேட்ட சென் கிளயார்தான்.

கணினியும் இப்படித்தான் நமக்கு வந்து சேர்ந்தது. நாட்டின் முதல் கணினி 1967இல் கொழும்பில், அரச பொறியியல் கூட்டுத்தாபனத்தில் நிறுவப்பட்டது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோ உதவியோடு கொத்மலை சமூக வானொலி இணையத்தை வானொலியில் கொண்டுவந்தது. நேயர் கேட்கும் விஷயத்தை அறிவிப்பாளர் இணையத்தில் தேடி வாசிப்பார். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் இணைய வசதி வைத்தார்கள். உலகம் பேசிய முயற்சி. மலைத் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு அது எட்டவில்லை.

திங்கட்கிழமை ஹாஜியார் பாடசாலைக்கு வந்தார், பேரனைக் கூட்டிக்கொண்டு. பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தொட்டியில் தண்ணீர் சுழல்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். றேடியேட்டரின் பின்பக்கம் கையை வைத்தார். இளஞ்சூடாகக் காற்று வந்தது. "இது காலைல தஹஜ்ஜுத் நேரம் நம்ம ரூம்ல இருந்தா நல்லா இருக்குமே" என்றார். சூரிக்கில் 2010இல் ஒரு பல்கலைக்கழகக் கணினியின் சுடுநீரைக் கட்டடத்தைச் சூடாக்கவே பயன்படுத்தினார்கள் என்று சொன்னோம். நம்பவில்லை. பேரன் அதற்குள், எந்தக் குழாயில் சூட்டுத் தண்ணீர், எந்தக் குழாயில் ஆறின தண்ணீர் என்று விரலால் தொட்டுத் தொட்டுக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தான்.