ஹார்ட் அட்டாக்குக்குப் பிறகு அப்பாவை உட்கார வைத்தே பார்த்துக்கொள்கிறீர்களா? ஒரு நிமிஷம்!

மருத்துவமனையிலிருந்து அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. மாத்திரை டப்பாவும் தயார். 'தண்ணியா? நான் எடுத்துட்டு வர்றேன்', 'நீங்க எந்திரிக்காதீங்கப்பா', 'குளிக்கவெல்லாம் வேண்டாம், ஈரத்துணியால துடைச்சு விட்டுடறேன்'... ஹார்ட் அட்டாக் வந்துபோன பெரியவர் இருக்கும் வீடுகளில் முதல் ஒரு மாதம் இந்த வசனங்கள்தான் ஓடிக்கொண்டிருக்கும். எல்லாமே பாசம்தான். ஆனால், 75 வயதைத் தொட்டவர்களுக்கு இந்தப் பாசமே சில நேரம் பாதகமாகிவிடும் என்பது உங்களுக்குத் தெரியுமா?

வயதானவர்களுக்கு ஹார்ட் அட்டாக் வந்தால், அவர்கள் எந்த அளவுக்கு மீண்டு வருவார்கள் என்பதை அடைப்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. அட்டாக் வருவதற்கு முன்பு அவர்கள் தன் வேலையைத் தானே செய்துகொண்டிருந்தார்களா, அதன் பிறகும் அந்தத் திறனைத் தக்கவைத்துக்கொள்கிறார்களா என்பதும் பெரிய விஷயம்.

அந்த ஆறு வேலைகள்

'தன் வேலையைத் தானே செய்துகொள்வது' என்று நாம் சாதாரணமாகச் சொல்வதை அளப்பதற்கு மருத்துவத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் தன் குழுவினருடன் 1963-ல் வெளியிட்ட பட்டியல் அது. இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயன்பாட்டில் இருக்கிறது. அதில் இருப்பவை ஆறே விஷயங்கள்.

1. குளிப்பது
2. உடை உடுத்துவது
3. கழிப்பறைக்குப் போய், சுத்தம் செய்துகொண்டு வருவது
4. படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலியில் உட்காருவது
5. சிறுநீர், மலத்தைக் கட்டுப்படுத்த முடிவது
6. தட்டில் இருப்பதைத் தானே எடுத்துச் சாப்பிடுவது

ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். யாருடைய உதவியும் இல்லாமல் எல்லாவற்றையும் செய்தால் 6. காட்ஸ் கவனித்த இன்னொரு விஷயம் சுவாரஸ்யமானது. முடியாமல் போகிறவர்கள் பொதுவாக முதலில் இழப்பது குளிக்கும் திறனை. கடைசி வரை மிஞ்சுவது சாப்பிடும் திறன். ஒரு குழந்தை எந்த வரிசையில் கற்றுக்கொள்கிறதோ, அதற்கு நேர் தலைகீழ்! அதனால், 'அப்பாவுக்குக் குளிக்க மட்டும்தான் ஆள் வேணும், மத்தபடி நல்லாத்தான் இருக்கார்' என்று நீங்கள் சொல்லும்போது, முதல் படி இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

வயசு ஒரு நம்பர் மட்டும்தானா?

80 வயதில் மாடிப்படி ஏறி, வடாம் காயவைத்துவிட்டு இறங்கும் பாட்டியும் இருக்கிறார். 70 வயதிலேயே சுவரைப் பிடித்து நடப்பவரும் இருக்கிறார். இருவருக்கும் ஹார்ட் அட்டாக் வந்தால் பாதிப்பு ஒரே மாதிரி இருக்காது.

அமெரிக்காவில் 94 மருத்துவமனைகளில், ஹார்ட் அட்டாக்குடன் சேர்க்கப்பட்ட 75 வயதுக்கு மேற்பட்ட சுமார் 3,000 பேரை 'சில்வர் ஏஎம்ஐ' என்ற ஆய்வு பின்தொடர்ந்தது. அடுத்த ஆறு மாதத்தில் யாருக்கு உயிர் ஆபத்து அதிகம் என்று கணக்கிட, ஈசிஜி, ரத்தப் பரிசோதனை மட்டும் போதவில்லை. எழுந்து நடப்பதில் சிரமம், காது மந்தம், எடை குறைந்திருப்பது, 'என் உடம்பு எப்படி இருக்கு' என்று அவரே சொல்லும் பதில்... இவையும் அந்தக் கணக்கில் இடம்பிடித்தன.

உடல் பலவீனமாக இருப்பவரிடம் கையிருப்பு குறைவு. தசை குறைவு, சத்து குறைவு, கூடவே சர்க்கரை, சிறுநீரகப் பிரச்னைகள். இளைஞர் ஒரு வாரம் படுத்து எழுந்தால் பழையபடி நடப்பார். இவர் அதே ஒரு வாரத்தில் நடக்கும் திறனையே இழந்துவிடலாம். அப்படிப் படுக்கையோடு முடங்கினால் நிமோனியா, படுக்கைப்புண், காலில் ரத்தக்கட்டி என்று வரிசையாக வரும். இதயம் தேறினாலும் ஆள் தேறாமல் போவது இப்படித்தான்.

படுக்கையா, நாற்காலியா?

ஹார்ட் அட்டாக் என்றால் ஆறு வாரம் அசையாமல் படுக்க வேண்டும் என்றுதான் ஒருகாலத்தில் மருத்துவர்களே நம்பினார்கள். அமெரிக்காவின் பாஸ்டனில் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லோன் என்ற இரண்டு மருத்துவர்கள் அதைக் கேள்வி கேட்டார்கள். நோயாளிகளை ஆரம்ப நாள்களிலேயே கட்டிலிலிருந்து இறக்கி, கைவைத்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். 81 நோயாளிகளிடம் கிடைத்த அனுபவத்தை 1952-ல் வெளியிட்டார்கள். பயந்த மாதிரி ஆபத்து எதுவும் வரவில்லை. மாறாக, நோயாளிகள் தெம்பாக இருந்தார்கள். இன்று, சிக்கல் இல்லாத பெரும்பாலானவர்களை முதல் நாளிலேயே எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். ஆனால், வீட்டில் நாம் இன்னும் அந்தப் பழைய காலத்திலேயே இருக்கிறோம்!

படுத்தே இருந்தால் என்ன ஆகும்? சராசரியாக 67 வயதுள்ள, ஆரோக்கியமான 12 பேரை 10 நாள்கள் படுக்கையிலேயே இருக்க வைத்துப் பார்த்தார்கள். 2007-ல் வெளியான அந்த ஆய்வில், அவர்களின் கால்களில் இருந்த தசை சராசரியாக ஒரு கிலோ அளவுக்குக் குறைந்துபோயிருந்தது. நோயே இல்லாதவர்களுக்கே இப்படி!

மீட்க முடியும்

நல்ல செய்தியும் இருக்கிறது. இத்தாலியில் ஹார்ட் அட்டாக் வந்து ஒரு மாதம் ஆன, நடை தளர்ந்திருந்த 65 வயதுக்கு மேற்பட்ட 512 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2025-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பிரிவினருக்குக் கூடுதலாக உடற்பயிற்சி, உணவு ஆலோசனை, பி.பி., சர்க்கரை போன்றவற்றில் தீவிரக் கட்டுப்பாடு. ஒரு வருடத்துக்குள், இதயப் பிரச்னையால் இறந்தவர்கள் அல்லது எதிர்பாராமல் மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், வழக்கமான பிரிவில் 100-க்குச் சுமார் 21 பேர். பயிற்சிப் பிரிவில் சுமார் 13 பேர். நடுத்தர வயதுக்காரர்களை வைத்துக் கிடைத்த கணக்கு இல்லை இது. அதில் பாதிப் பேர் 80 வயதை ஒட்டியும் தாண்டியும் இருந்தவர்கள்.

டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள்

அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் பார்ப்பது ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கும் ஒரு முதியவரை. அவர் போன வாரம் எப்படி இருந்தார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். 'வயசு 82' என்பதோடு நிறுத்தாமல், இவற்றையும் சொல்லுங்கள்.

* தானே குளித்து, உடை மாற்றிக்கொள்வாரா?
* கடைக்கு, கோயிலுக்குத் தனியாகப் போய்வருவாரா? கைத்தடி தேவையா?
* மாத்திரையை நினைவு வைத்துத் தானே போட்டுக்கொள்வாரா?
* சமீபத்தில் கீழே விழுந்தாரா, எடை குறைந்ததா?
* அவருக்கே என்ன விருப்பம்?

ஆஞ்சியோ செய்வதா, மருந்தோடு நிறுத்துவதா என்று யோசிக்க வேண்டிய சூழலில் இந்தத் தகவல்கள் உதவும். 'வயசாயிடுச்சு, எதுக்கு சிகிச்சை' என்று விட்டுவிடுவதும் தவறு; எல்லோருக்கும் ஒரே சிகிச்சை என்று நினைப்பதும் தவறு.

வீட்டில் என்ன செய்யலாம்?

* செய்ய விடுங்கள்: சட்டை பட்டன் போட அவருக்குப் பத்து நிமிஷம் ஆகலாம். ஆகட்டும். பக்கத்தில் நில்லுங்கள், கையை நீட்டாதீர்கள்.
* எழுந்ததும் நடக்க வேண்டாம்: பி.பி. மாத்திரை, நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை ஆகியவற்றால் எழுந்ததும் தலைசுற்றலாம். கட்டில் ஓரத்தில் ஓரிரு நிமிஷம் உட்கார்ந்த பிறகு எழச் சொல்லுங்கள்.
* குளியலறை: சுவரில் கைப்பிடி, வழுக்காத மிதியடி, உட்கார்ந்து குளிக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வேண்டாம். கதவை உள்ளே தாழ் போட வேண்டாம்.
* நடை: வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிஷம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை என்று ஆரம்பித்து, டாக்டர் சொல்கிறபடி கூட்டுங்கள். நடந்துகொண்டே பேச முடிந்தால் அந்த வேகம் சரி.
* தட்டில் புரதம்: வெறும் கஞ்சியும் ரசம் சாதமும் தசையைக் காப்பாற்றாது. பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் சேரட்டும். சிறுநீரகப் பிரச்னை இருந்தால் அளவை டாக்டரிடம் கேளுங்கள்.
* கண்ணாடி, காது மெஷின்: மருத்துவமனையில் சேர்க்கும்போது பெரும்பாலும் இவை வீட்டிலேயே தங்கிவிடும். கண்ணும் காதும் சரியாக இருந்தால்தான் நடக்க தைரியம் வரும்.

டிஸ்சார்ஜ் ஆகும்போதே, 'எப்போது குளிக்கலாம், எவ்வளவு நடக்கலாம், எப்போது மாடி ஏறலாம், இதய மறுவாழ்வுப் பயிற்சி இங்கே உண்டா?' என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கனமான பொருளைத் தூக்குவது மட்டும் டாக்டர் அனுமதிக்கும் வரை வேண்டாம்.

எப்போது உஷாராக வேண்டும்?

பயிற்சியின்போது நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைசுற்றல், படபடப்பு வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். குறையவில்லை என்றால் 108-ஐ அழையுங்கள்.

இன்னொன்று. வயதானவர்களுக்கு ஹார்ட் அட்டாக் நெஞ்சுவலியே இல்லாமலும் வரும். திடீர் மூச்சிரைப்பு, வியர்வை, அசதி, குமட்டல், குழப்பமான பேச்சு என்று வேறு முகத்தோடு வரலாம். நேற்று வரை பாத்ரூமுக்குத் தானே போய்வந்தவர் இன்று பாதி வழியில் உட்கார்ந்துவிட்டால், 'வயசாச்சு' என்று கடந்துபோகாதீர்கள். அது இதயம் அனுப்பும் தந்தியாக இருக்கலாம்.

அடுத்த தடவை அப்பா தண்ணீர் கேட்டால், எடுத்துக்கொடுக்க ஓடாதீர்கள். 'வாங்கப்பா, ரெண்டு பேருமா போய் எடுத்துட்டு வரலாம்' என்று கூப்பிடுங்கள். சமையலறை வரை பத்து அடி. அவருக்கு அதுவும் வைத்தியம்தான்.