மரநிழலும் மண்குவளையும்

சென்னைக் கிரிக்கெட்டின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஓர் அவமானத்திலிருந்துதான் தொடங்குவார்கள். சேப்பாக்கத்தில் வெள்ளையர்களின் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்புக்கு ஆடப்போன இந்தியர்களுக்குப் பெவிலியனில் இடமில்லை. மரத்தடியில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். அதைப் பொறுக்காத புச்சிபாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். இன்றும் அவர் பெயரில் போட்டி நடக்கிறது. அந்தக் கோபம் நியாயமானது.

அதே காலத்துப் பூனாவின் கதையையும் சேர்த்துப் படிப்போம். சமார் சாதியில் பிறந்த பல்வங்கர் பாலு அங்கே வெள்ளையர் கிளப்பில் ஆடுகளம் பராமரிக்கும் வேலையில் இருந்தார். மாதச் சம்பளம் 4 ரூபாய். உருளை இழுப்பது, வலை கட்டுவது, துரைமார் பயிற்சிக்குப் பந்து வீசுவது எல்லாம் அவர் வேலை. மட்டையை மட்டும் யாரும் அவர் கையில் கொடுக்கவில்லை. ஆனால் இடதுகைச் சுழற்பந்தில் அவரை மிஞ்ச ஆளில்லை.

வெள்ளையரைத் தோற்கடிக்க நினைத்த பூனாவின் இந்து கிளப்புக்கு அந்தக் கை தேவைப்பட்டது. சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்குப் பெவிலியனுக்கு வெளியே, குடித்ததும் எறிந்துவிடும் மண்குவளையில் தேநீர். சாப்பாட்டுக்குத் தனித் தட்டு, தனி மேசை.

புச்சிபாபுவை மரத்தடிக்கு அனுப்பியவன் அந்நியன். பாலுவை வெளியே நிறுத்தியவர்கள் அவரது சொந்த அணிக்காரர்கள். முதல் அவமானம் வரலாறாகிவிட்டது. இரண்டாவது இரட்டைக் குவளையாக நம் தேநீர்க் கடைகள் வரை வந்தது.

1906இல் பம்பாயில் இந்துக்கள் அணி ஐரோப்பியரை 109 ரன்னில் வென்றதில் பாலுவுக்குப் பெரும் பங்குண்டு. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் அவர் எடுத்த விக்கெட்டுகள் 114. ஆனாலும் அந்த அணி ஒருமுறைகூட அவரைத் தலைவராக்கவில்லை. உழைப்பு வேண்டும், தலைமை கூடாது! தம்பிகள் விட்டலும் சிவராமும் 1920இல் எதிர்ப்புத் தெரிவித்து அணியிலிருந்து விலகினார்கள். 1923இல்தான் விட்டல் தலைவரானார். அணி கோப்பையை வென்றது. பதவி கருணையால் வரவில்லை, போராட்டத்தால் வந்தது.

1932 பூனா ஒப்பந்தத்தில் பாலுவின் கையெழுத்து இருக்கிறது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகம் வட்டாரத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனின் கையெழுத்தும் இருக்கிறது. 1937இல் பாலு காங்கிரஸ் வேட்பாளராக அண்ணல் அம்பேத்கரையே எதிர்த்து நின்று தோற்றார். அந்த அரசியலை நாம் ஏற்கவில்லை. அதற்காக அந்தக் கையின் உழைப்பை மறக்கவும் முடியாது.

இன்றும் பொங்கல் போட்டி என்றால் பல கிராமங்களில் ஊர் அணி வேறு, காலனி அணி வேறு. மைதானம் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் புறம்போக்கு நிலம். அதாவது எல்லோருக்கும் சொந்தமானது. அரசமைப்புச் சட்டத்தின் 15(2), 17ஆம் பிரிவுகளும் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நம் பக்கம் இருக்கின்றன. காலனிப் பிள்ளைகளை அங்கே ஆடவிடாமல் தடுத்தால் அது ஊர் வழக்கமல்ல, குற்றம்.

நம் பிள்ளைகளுக்குப் பாலுவின் கதையைச் சொல்வோம். மைதானத்தில் மட்டுமல்ல, பெவிலியனிலும் நமக்கு இடம் உண்டு.

ஜெய்பீம்!