மலாயாப் போர்ப் படங்களில் சிப்பாயின் மனம்

மலாயாவை அடுத்தடுத்து இரண்டு போர்கள் உலுக்கின. 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, 1942 ஜனவரி 11 அன்று கோலாலம்பூரைப் பிடித்தது. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரும் சரணடைந்தது. பின்னர் 1948இல் மூண்ட கம்யூனிஸ்டு எதிர்ப்புப் போர், அவசரகாலம் என்ற பெயரில் 1960 வரை நீடித்தது. இவற்றைப் பற்றிப் பிரிட்டிஷார், மலாய்க்காரர், இந்தியர் என மூன்று தரப்பினரும் படம் எடுத்தார்கள். ஒவ்வொருவரும் தங்கள் சிப்பாயின் நெஞ்சைத்தான் திறந்து பார்த்தார்கள். தோட்டத்திலிருந்து போருக்குப் போன தமிழனின் நெஞ்சு பெரும்பாலும் திறக்கப்படவே இல்லை.

பிரிட்டிஷ் படைப்புகளில் மிக நேர்மையானவை வெற்றியைப் பாடாதவை. வில்லிஸ் ஹாலின் நாடகமொன்று, 1942இல் மலாயாக் காட்டில் ஒரு சிறிய ரோந்துக் குழுவிடம் ஜப்பானியச் சிப்பாய் ஒருவன் சிக்குவதைச் சொல்கிறது. அவனைக் கொல்வதா, கூட்டிக்கொண்டு போவதா என்று அந்தக் குழு தனக்குள் முட்டி மோதுகிறது. எதிரியும் தன்னைப் போலவே பயந்து நடுங்குபவன் என்று ஒருவனுக்கு உறைக்கும் கணம்தான் அதன் உயிர். 1961இல் அது படமானது. லெஸ்லி தாமஸின் நாவலைத் தழுவிய 'தி வர்ஜின் சோல்ஜர்ஸ்' (1969), கட்டாய ராணுவச் சேவைக்காக மலாயாவுக்கு அனுப்பப்பட்ட இளைஞர்களின் சலிப்பையும் வீட்டு ஏக்கத்தையும் காட்டியது. யாருக்காகப் போரிடுகிறோம் என்பது கூடத் தெரியாத பிள்ளைகள் அவர்கள்.

உலகப் புகழ் பெற்ற படம் வேறு. டேவிட் லீனின் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' (1957) இலங்கையின் கித்துல்கலவில் படமாக்கப்பட்டு, ஏழு ஆஸ்கர் விருதுகளை வென்றது. சிறைப்பட்ட பிரிட்டிஷ் கர்னலின் வறட்டுக் கௌரவம் எப்படிப் பித்தாக முற்றுகிறது என்பதே கதை. ஜப்பானியருக்காக அவர் பாலம் கட்டும் அந்த 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதையில் போர்க்கைதிகளை விடப் பல மடங்கு அதிகமாக உழைத்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களில் பல்லாயிரம் பேர். காலராவிலும் பட்டினியிலும் அவர்கள் மடிந்த கதைக்குப் படத்தில் இடமில்லை. மூல நாவலை எழுதிய பியர் பூல், போருக்கு முன் மலாயாவின் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தமிழ்த் தொழிலாளியை அன்றாடம் கண்ணால் கண்ட எழுத்தாளரின் கதை அது என்பதை நினைக்கும்போது, இந்த விடுபடல் இன்னும் வலிக்கிறது.

மலாய்ப் படங்களில் 'சார்ஜன் ஹசான்' (1958) முன்னோடி. கோழை என்று ஏசப்படும் அனாதை இளைஞனாக பி. ரம்லி நடித்தார். மலாய்ப் படைப்பிரிவில் சேர்ந்து அந்த அவமானத்தைத் துடைப்பதே அவனுடைய போர். ஜின்ஸ் சம்சுடின் இயக்கிய 'புக்கிட் கெப்போங்' (1981), 1950 பிப்ரவரி 23 அன்று ஜொகூரில் கம்யூனிஸ்டுகள் தாக்கிய போலீஸ் நிலையத்தின் கதை. காவலர்களின் மனைவி மக்களும் அதே வளாகத்தில்தான் குடியிருந்தார்கள். அதனால் அச்சம் என்பது தன் உயிரைப் பற்றியதாக மட்டும் இருப்பதில்லை. குடும்பத்தின் கண்முன்னே போரிடும் மனிதனின் தவிப்பை இந்த அளவுக்குக் காட்டிய மலேசியப் படங்கள் அரிது.

எதிர்த்தரப்புக் கெரில்லாவின் மனம் திரைக்கு எளிதில் வரவில்லை. 1942 செப்டம்பர் 1 அன்று பத்துமலைக்கு அருகில் கூடிய மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் முன்னணியினரை ஜப்பானியர் சுற்றி வளைத்துக் கொன்றார்கள். காட்டிக்கொடுத்தவர் கட்சியின் பொதுச் செயலாளர் லாய் தெக். தலைவனே துரோகி என்று பின்னாளில் அறிந்த போராளிகளின் அதிர்ச்சி ஒரு பெரும் படத்துக்குரியது. ஆனால் அந்த இயக்கத்தைத் தொட்ட அமீர் முகமதுவின் 'லெலாக்கி கொமுனிஸ் தெராக்கிர்' என்ற ஆவணப்படமே 2006இல் மலேசியாவில் தடை செய்யப்பட்டது.

தமிழ்த் திரையில் இந்தப் போர் முதலில் அரசின் தேவைக்காக வந்தது. கச்சா பிலிம் பங்கீட்டில் இருந்த காலத்தில், போர் முயற்சிக்கு ஆதரவான படங்களைத் தயாரிப்பாளர்களிடம் பிரிட்டிஷ் அரசு எதிர்பார்த்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'பர்மா ராணி' (1945) அப்படி வந்த படம்; ஜப்பானியர் வசமிருந்த பர்மாவில் மாட்டிக்கொண்ட இந்திய விமானப் படையினரின் சாகசத்தைச் சொன்னது. அதே காலத்தில் அதே பர்மாவில், மறுபக்கத்தில், மலாயாத் தமிழர்கள் இந்திய தேசிய ராணுவத்தின் சீருடையில் நின்றார்கள்.

அவர்களின் மனத்தைப் புரிந்துகொள்ள 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆர். எச். நாதன் முன்னின்ற அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வோடு இன்னொன்றும் இருந்தது: வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். அரசு படையை இறக்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார். இரண்டே ஆண்டுகளில், 1943 ஜூலையில், சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றார். சைக்கிளிலிருந்து இறங்கி நின்றவன் கையில் துப்பாக்கி வந்தது. கங்காணிக்கும் கிராணிக்கும் பயந்தவனுக்கு மற்றவர்கள் சல்யூட் அடித்தார்கள். கேப்டன் லட்சுமி தலைமையிலான ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் சேர்ந்தார்கள். கோலாலம்பூரின் ஜானகி தேவர் பதின்ம வயதில் அதில் இணைந்தவர். பின்னாளில் மலேசிய இந்தியக் காங்கிரசின் தொடக்க உறுப்பினர்களில் ஒருவரானார்.

தேசப்பற்று உண்மை. அதோடு பசியும் இருந்தது. மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிடித்திருந்த காலம் அது. படையில் சேராவிட்டால் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற கிலியும் பலரைப் படைக்குத் தள்ளியது. மானம், பசி, பயம் மூன்றும் ஒரே நெஞ்சில் கிடந்தன. போரில் தோற்று, மீண்டும் அதே லயத்துக்கு, அதே பால்மரத்துக்குத் திரும்பியவர்களின் மனநிலை இதைவிடச் சிக்கலானது.

இந்தச் சிக்கலைப் படங்கள் கடந்து போய்விட்டன. ஷங்கரின் 'இந்தியன்' (1996) போஸின் பழைய படச்சுருளோடு கதாநாயகன் சேனாபதியை இணைத்துக் காட்டியது. ஆனால் அந்தச் சிப்பாய் வாழ்க்கை பின்னாளைய பழிவாங்கலுக்கு முன்கதை மட்டுமே. ஷியாம் பெனகலின் போஸ் படம் (2005) தலைவரின் வரலாறு. கபீர் கான், முன்னாள் வீரர்களோடு பயணம் செய்து எடுத்த தன் ஆவணப்படத்தை அடியொற்றி 2020இல் 'தி ஃபர்காட்டன் ஆர்மி' தொடரை எடுத்தார். சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண் ஒருத்தி அதில் முக்கியப் பாத்திரம் என்றாலும், தோட்டத்து லயம் அதன் மையமல்ல. நாவல்கள் இங்கே முந்திக்கொண்டன. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி', ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகியவை, இந்தத் தமிழர்கள் போரில் பட்ட பாட்டைத் திரையைவிட நெருங்கிச் சென்று பார்த்தன.

தோட்டத்தை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பத்தின் வாழ்வை உள்ளிருந்து சொல்ல முடியும் என்று சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) மெய்ப்பித்திருக்கிறது. 1941இல் கிள்ளானில் வேலைநிறுத்தம் செய்து, 1943இல் சீருடை அணிந்து, 1945இல் தோற்றுத் திரும்பிய ஒரு மனிதனின் கதைக்கு நாவல்கள் வழி போட்டிருக்கின்றன. மலேசியத் தமிழ் இயக்குநர்கள் அதைப் படமாக எடுக்க வேண்டும்.